கிளிநொச்சியில மீற்றர் டிஸ்பிளே திருத்தின கடை

எங்கட பழைய விற்ஸ் காரின்ர டிஜிட்டல் மீற்றர் வெயில் ஏறினா மங்கிப்போகும், ஓடின கிலோமீற்றரே தெரியாது, ஒரு கராஜில பழைய மீற்றர் வாங்கிப் போடச் சொன்னவை, அதில வேற காரின்ர கணக்கெல்லோ கிடக்கும், பிறகு விக்கேக்க ஆர் நம்புவினம். டிப்போச் சந்திப் பக்கம் சின்னக் கடை ஒண்டில குடுத்தன். கடைத் தம்பி மீற்றருக்குள்ள இருக்கிற சர்க்கிட் போர்ட்டைக் கழட்டி லென்சுக்குக் கீழ பிடிச்சுக் காட்டினவர், ஈயத்தால ஒட்டின சொல்டர் காலைச் சுத்தி மயிர் மாதிரி வெடிப்பு, சூட்டுக்கு விரியேக்க கனெக்ஷன் விடுதாம். திரும்ப சொல்டர் வைச்சு வீங்கின கப்பாசிட்டரையும் மாத்தினவர். ஓடின கணக்கு வேற சிப்பில நிக்கிறதால ஒரு கிலோமீற்றரும் மாறேல்ல. இப்ப பளிச். கூலியும் நியாயம்தான். ஆனா "பின்னேரம் வாங்கோ அண்ணை" எண்டா அடுத்தநாள் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, பூட்டமுதல் கண்ணாடியின்ர உள்பக்கத்தைத் துடைக்கச் சொல்லுங்கோ, எனக்குப் புழுதியோடயே பூட்டித் தந்திட்டார்.