பாண்டி கண்ணாடி ஜன்னலா, கோணான்குப்பம் மாதாவா?
மிஷனரிங்க கலையை வெச்சு மதத்தை எப்படிச் சொன்னாங்கன்னு பாக்கணும்னா நம்ம பக்கமே ரெண்டு இடம் இருக்கு. பாண்டி ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற இருதய ஆண்டவர் கோயில், 1907ல முடிஞ்சது, கோதிக் ஸ்டைல், அதாவது கூரான வளைவு வெச்சு உயரமா கட்டுற பழைய ஐரோப்பிய பாணி. உள்ள கலர் கண்ணாடி ஜன்னல்ல இயேசு வாழ்க்கை, புனிதர்கள்னு வரிசையா இருக்கும், வெயில் அடிக்கிறப்ப செவப்பும் நீலமுமா ஒளி உள்ள வர்றது செம அழகு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் கதை புரியும், ஆனா முகம், உடுப்பு எல்லாமே ஐரோப்பாதான்.

விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் வேற ரகம். இத்தாலிலேர்ந்து வந்த பெஸ்கி, அதான் நம்ம வீரமாமுனிவர், இங்க கோயில் கட்டி மாதாவுக்குப் புடவை கட்டி தமிழ்ப் பொண்ணாட்டம் நிக்க வெச்சாரு, பேரும் பெரியநாயகி, விருத்தாசலம் சிவன் கோயில் அம்மன் பேரும் பெரியநாயகிதான் பாருங்க! இயேசுவோட வளர்ப்பு அப்பா சூசையப்பரைப் பத்தி 3615 பாட்டுல தேம்பாவணிங்கிற காவியமும் எழுதினாரு, அதுல சூசையப்பர் ஊரே நம்மூரு வயல், ஆறு மாதிரி வரும். ஆனா அதை நேரா படிச்சுப் புரிஞ்சுக்க உரை இல்லாம கஷ்டம், பாமர ஜனத்துக்கு அது எட்டியிருக்குமான்னு டவுட்டுதான், அவங்களுக்குப் புடவை கட்டின மாதாவே போதும்.

போட்டோ எடுக்கணும்னா பாண்டி போங்க. என் ஓட்டு கோணான்குப்பத்துக்குதான், ஜனவரி தேர்த் திருவிழா டைம்ல போனா இன்னும் நல்லா இருக்கும்.