அளவு ஒவ்வாத நான்கு வன்தட்டுகள்: வீட்டுக் கணினியில் எப்படி இணைப்பது?

வீட்டுக் கணினியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிடும் வன்தட்டுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. 8 டெராபைட்டில் ஒன்று, 4 டெராபைட்டில் இரண்டு, பழைய கணினியிலிருந்து கழற்றிய 2 டெராபைட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 டெராபைட். எந்தப் படம் எந்த டிரைவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேடுவதைவிட, நான்கையும் ஒரே சேமிப்பிடமாக ஆக்கிவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே வரும். அதற்கு வழிகள் பல உண்டு. அவற்றை எடைபோடும்போது, எவ்வளவு இடம் கிடைக்கும், எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதற்கெல்லாம் முன்னால், ஒரு வன்தட்டு பழுதாகும் நாளில் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மிக எளிய வழி, ஒரு வன்தட்டு முடியும் இடத்தில் அடுத்ததை ஒட்டிவிடுவது. விண்டோஸில் இதற்கு ஸ்பேன்டு வால்யூம் என்று பெயர். லினக்ஸில் எல்விஎம் என்ற கருவி இதைச் செய்யும். 18 டெராபைட்டும் குறையாமல் கிடைக்கும். ஆனால் நான்கின் மேலும் படர்ந்திருப்பது ஒரே ஃபைல் சிஸ்டம் (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்பு) என்பதால், ஒன்று போய்விட்டால் மற்ற மூன்றில் நலமாக இருக்கும் கோப்புகளையும் மீட்பு மென்பொருளைக் கொண்டு தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பல வன்தட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு முறைகளில் ஒன்றான ரெய்டு 0 இதைவிட ஆபத்தானது. கோப்பைத் துண்டுகளாக்கி எல்லா வன்தட்டுகளிலும் மாறிமாறி எழுதுவதால்தான் அதற்கு வேகம் கிடைக்கிறது. லினக்ஸின் எம்டிஅட்ம் கருவியில் ஒரு துண்டின் இயல்பான அளவு 512 கிலோபைட். அப்படியானால் 5 மெகாபைட் அளவுள்ள ஒரு திருமணப் படம் ஏறத்தாழ பத்துத் துண்டுகளாகி, இரண்டு வன்தட்டுகள் இருந்தால் ஐந்தைந்தாகப் பிரிந்துவிடும். ஒன்று பழுதானால் மிஞ்சிய ஐந்து துண்டுகளை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. கிடைக்கும் வேகமும் வீட்டில் பெரும்பாலும் வீண். ஜிகாபிட் வலையமைப்பில் நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட்டுக்கு மேல் போகாது. இன்றைய பெரிய வன்தட்டுகளில் ஒன்றே பெரிய கோப்புகளை அதைவிட வேகமாகப் படித்துவிடும். வேகம்தான் தேவை என்றால் எஸ்எஸ்டி வாங்குவதே முறை.

ரெய்டு என்ற கருத்தை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் முன்வைத்தபோது அவர்கள் விவரித்த ஐந்து நிலைகளும் பழுதைத் தாங்குவதற்காகவே அமைந்தவை. ரெய்டு 0 அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்தாம் நிலையான ரெய்டு 5, பாரிட்டி என்ற எளிய கணக்கின்மேல் நிற்கிறது. மூன்று வன்தட்டுகளில் ஒரே வரிசையில் 1, 0, 1 என்று இருந்தால், 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 0 எழுதப்படும். இரண்டாவது வன்தட்டு போய்விட்டால் மிஞ்சுவது 1, 1, 0. எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படையாக இருப்பதால், தொலைந்தது 0தான் என்று கண்டுபிடித்துவிடலாம். அலுவலகங்களில் ஒரே அளவுள்ள வன்தட்டுகளை மொத்தமாக வாங்கி அடுக்குவோருக்கு இது சிறந்த ஏற்பாடு.

நம்முடைய நான்குக்கு அது பொருந்துவதில்லை. மிகச் சிறியதன் அளவே எல்லாவற்றுக்கும் அளவாகிவிடுவதால் கிடைப்பது வெறும் 6 டெராபைட். 10 டெராபைட் சும்மா கிடக்கும். இரண்டாவது வன்தட்டும் போய்விட்டால், மிச்சமுள்ள இரண்டில் முழுக் கோப்பு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் இருக்காது. பழுதானதற்குப் பதிலாகப் புதியதை மாட்டி மீட்டமைக்கும் வேலையும் சிறியதன்று. ஒரே அளவில் 8 டெராபைட் வன்தட்டுகளாகவே வாங்கியிருந்தாலும், நொடிக்கு 150 மெகாபைட் என்ற கணக்கில் அதற்கு 15 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும், ஒரே காலத்தில் வாங்கி ஒரே அளவு உழைத்த மற்ற வன்தட்டுகள் இடைவிடாமல் ஓட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவு ஒன்றாகவும் பாரிட்டி வேறொன்றாகவும் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு என்பதால், மின்வெட்டு உள்ள ஊர்களில் யூபிஎஸ் இல்லாமல் ரெய்டு 5 வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்து, ஓசையில்லாமல் கெட்டுப்போகும் தரவையும் கண்டுபிடித்துவிடும். தொழில்நுட்பத்தில் அதற்கு இணையானவை குறைவு. இருந்தாலும் ரெய்டு 5 போன்ற அதன் ரெய்டு-இசட் 1 முறையில் நமக்கு அதே 6 டெராபைட்தான் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள ரெய்டு-இசட் தொகுப்பில் ஒரு வன்தட்டைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3இல்தான் கிடைத்தது. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு 1, அதாவது இரட்டைப் பிரதி முறை, வீட்டுக்கு இன்னும் இணக்கமானது. அது வன்தட்டுகளை ஜோடி சேர்ப்பதில்லை. ஒவ்வொரு தரவும் ஏதாவது இரண்டு வன்தட்டுகளில் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதனால் 18இல் சரிபாதியான 9 டெராபைட்டும் கிடைக்கும். அதன் ரெய்டு 5, 6 முறைகளை மட்டும் தொட வேண்டாம். அவற்றை முக்கியமான தரவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

குடும்பப் படங்கள், காணொளிகள், பாடல்கள் என்று ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை பார்ப்பவையே ஒருவரது சேமிப்பில் பெரும்பகுதி என்றால், அவருக்கு நான் சொல்வது மெர்ஜர்எஃப்எஸ், ஸ்னாப்ரெய்டு என்ற இரண்டு மென்பொருள்கள் சேர்ந்த ஏற்பாடு. மெர்ஜர்எஃப்எஸ் எந்தக் கோப்பையும் துண்டாக்குவதில்லை. தனித்தனி வன்தட்டுகளில் உள்ள கோப்புறைகளை ஒரே கோப்புறைபோலக் காட்டுகிறது, அவ்வளவே. ஒரு வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அதிலுள்ள கோப்புகள் முழுமையாகத் திறக்கும். ஒரு படம் பார்க்கும்போது அது இருக்கும் வன்தட்டு மட்டும் சுழன்றால் போதும். மற்றவற்றை உறங்க விடலாம். பாரிட்டியைக் கணக்கிட்டு வைப்பது ஸ்னாப்ரெய்டின் வேலை. அந்தப் பாரிட்டிக்கு எல்லாவற்றிலும் பெரியதை ஒதுக்க வேண்டும் என்பதால் 8 டெராபைட் அதற்குப் போய்விடும். மிஞ்சும் 10 டெராபைட்டும் தரவுக்குக் கிடைக்கும். இரண்டு வன்தட்டுகள் ஒன்றாகப் போனாலும், மற்றவற்றில் உள்ளவை அப்படியே இருக்கும்.

இதன் குறையை மறைத்துச் சொல்லக்கூடாது. பாரிட்டி உடனுக்குடன் எழுதப்படுவதில்லை. சிங்க் என்ற கட்டளையை ஓட்டும்போதுதான் புதுப்பிக்கப்படுகிறது. இரவு சிங்க் ஓடிய பிறகு இன்று காலையில் ஏற்றிய படங்களுக்கு அடுத்த சிங்க் வரை பாதுகாப்பு இல்லை. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: ஒரு வன்தட்டில் கோப்புகளை அழித்துவிட்டு சிங்க் ஓட்டும் முன்பே வேறொரு வன்தட்டு போய்விட்டால், அழிந்த கோப்புகளும் கணக்கில் சேர்ந்தவை என்பதால், போனதன் சில பகுதிகளை மீட்க முடியாமல் போகலாம். எனவே நாள் முழுதும் மாறிக்கொண்டிருக்கும் தரவுத்தளம், கணக்கு மென்பொருள், மெய்நிகர் கணினி போன்றவற்றுக்கு இது உதவாது. அவற்றுக்கு பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் இரட்டைப் பிரதியே சரி. மறுபக்கம், தவறி அழித்த கோப்பை அடுத்த சிங்குக்கு முன்பாக ஸ்னாப்ரெய்டு மீட்டுத் தரும். எந்த ரெய்டும் இதைச் செய்வதில்லை.

விண்டோஸை விட முடியாதவர்களுக்கு, விண்டோஸ் 8 முதல் உள்ள ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வசதியில், இரண்டு பிரதிகள் வைக்கும் இருவழி மிரர் நம்பத்தக்கது. பாரிட்டி முறையில் எழுதும் வேகம் பெரிதும் விழுந்துவிடுவதால் அதைத் தவிர்க்கலாம். ஸ்னாப்ரெய்டு விண்டோஸிலும் ஓடும். மெர்ஜர்எஃப்எஸ்ஸின் இடத்தில் டிரைவ்பூல் என்ற கட்டண மென்பொருளை வைத்துக்கொள்ளலாம்.

தவறி அழித்ததைச் சில மணி நேரம் தாங்கும் ஸ்னாப்ரெய்டு உட்பட, மேலே சொன்ன எதுவும் பேக்கப் ஆகாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், திருட்டு, மின்னழுத்த ஏற்றம் ஆகியவை கணினிக்குள் இருக்கும் எல்லா வன்தட்டுகளையும் ஒன்றாகவே தாக்கும். ஆகவே நான்கையும் உள்ளே மாட்டாமல், 2 டெராபைட்டை மட்டும் யூஎஸ்பி பெட்டியில் போட்டு, திரும்பக் கிடைக்காத படங்களையும் ஆவணங்களையும் அதில் படியெடுத்து வேறொரு வீட்டில் வைப்பதே என் தேர்வு. உள்ளே மிஞ்சும் 8, 4, 4க்கு ஸ்னாப்ரெய்டும் பிடிஆர்எஃப்எஸ் ரெய்டு 1உம் சமமாக 8 டெராபைட் இடமே தருகின்றன. இடத்தை மட்டும் பார்த்தால், உடனுக்குடன் காக்கும் பிடிஆர்எஃப்எஸ்ஸையே தேர்ந்துவிடலாம். ஆனால் பின்னொரு நாள் இன்னொரு 8 டெராபைட் வாங்கி மாட்டும்போது ஸ்னாப்ரெய்டில் அந்த 8 டெராபைட்டும் தரவுக்குச் சேரும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் 4 மட்டுமே கூடும்.