லைனை யாரிடம் ஒப்படைப்பது?

திருப்பூரில் ஏதேனும் ஒரு பனியன் கம்பெனிக்குள் காலை ஷிப்டில் நுழைந்து பாருங்கள். ஓவர்லாக் தையல் மெஷினில் மேற்கு ஒடிசாக்காரர், அவருக்கு அடுத்து பீகார் பையன், செக்கிங் மேஜையில் பல்லடத்துப் பெண்கள், அயர்னிங்கில் ஜார்க்கண்டின் சந்தால் இளைஞர். வெளியூர்க்காரர்கள் எல்லோரையும் 'இந்திக்காரர்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் தொல்லை தொடங்குகிறது. அந்த இளைஞரின் சந்தாலி மொழிக்கு ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு; 2003-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம் அந்த மொழியை எட்டாவது அட்டவணையிலும் சேர்த்தது.

வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் இந்த லைனை நடத்த முதலாளிகள் மூன்று வழிகளை யோசிக்கிறார்கள். உள்ளூர் சூப்பர்வைசரைப் பல ஊர் ஆட்களை நடத்தும் பயிற்சிக்குக் கோவைக்கு அனுப்பலாம், இந்தி தெரிந்த மேலாளரை வெளியிலிருந்து கொண்டுவரலாம், அல்லது லைனில் இருக்கும் டெய்லர் ஒருவரையே வளர்க்கலாம்.

இரண்டாவதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கழுத்தில் வைத்துத் தைக்கும் பட்டியான ரிப் ஏன் அலையடிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் எத்தனை மொழி பேசினாலும் டெய்லர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயிற்சி வகுப்பை அப்படித் தள்ளிவிட முடியாது. அங்கே டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் பெயர் கட்டாயம் வரும். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கணக்கை வைத்து, மேலதிகாரிக்கு முன் எவ்வளவு அடங்கி நடக்கிறார்கள் என்று நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்டவர். இந்தியாவுக்கு 77. எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பது அதிலிருந்து புரிகிறது, சரி. ஆனால் பல்லடத்துக்கும் ஒடிசாவுக்கும் அதே 77-தானே?

நான் பார்த்த ஒரு லைனில் சூப்பர்வைசர் ரிப் வைக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு, "புரிந்ததா தம்பி?" என்றார். பையன் தலையாட்டினான். மதியத்துக்குள் கட்டுக் கட்டாகப் பீஸ்கள் பக்கம் மாறி வந்தன. பக்கத்து மெஷினில் இருந்த ஒடிசா டெய்லர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "புரியவில்லை என்றால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும் அண்ணா. பீஸ் ரேட்டில் கேள்வி கேட்கிற நேரத்துக்குக் கூலியும் இல்லை. புரிந்ததா என்று கேட்காதீர்கள், ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்." மறுநாள் முதல் அப்படியே செய்தார்கள். ரிப் பக்கம் மாறவில்லை.

ஆகவே என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் மேற்கு ஒடிசாவின் புத்தரிசித் திருநாளான நுவாகாய், தீபாவளி முடிந்த வாரத்தில் பீகாரின் சத் பூஜை. ஊருக்குப் போகிறவர்களால் எந்த வாரம் எந்த மெஷின் காலியாகும் என்பது லைனிலிருந்து வளர்ந்தவருக்கு முன்பே தெரியும், ஷிப்மென்ட் தேதியை அதற்கேற்பப் பேசலாம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசின் குழுவே திருப்பூர் வரை வந்து விசாரித்தது. அப்படிப்பட்ட நாளில் சுவரில் ஒட்டிய அறிவிப்பையா நம்புவார்கள், கூட உட்கார்ந்து தைத்தவர் சொல்லையா?

இதிலும் முள் உண்டு. அப்படி வளர்ந்த டெய்லர் தன் ஊர்ப் பையன்களுக்கு எளிய வேலை, மற்றவர்களுக்குக் கடினமான தையல் என்று போகலாம். செக்கிங் அக்காக்கள், "நேற்று வந்தவர் என் வேலையில் குறை சொல்வதா?" என்று முகம் திருப்பலாம். அதனால் ஆள் எடுப்பதும் அட்வான்ஸ் கொடுப்பதும் அவர் கையில் இருக்கக் கூடாது. ஆறு மாதம் பழைய சூப்பர்வைசருடன் ஜோடியாக நிற்கட்டும். இவர் தமிழ் பழக, அவர் ஒடியாவில் நூறு வரையாவது எண்ணக் கற்கட்டும்.

"நல்ல டெய்லரை மெஷினைவிட்டு எழுப்பினால் பீஸ் யாருங்க தைப்பது?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், சில மாதங்கள் உற்பத்தி குறையத்தான் செய்யும். பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை அந்த இழப்புக்கு வைத்துக்கொண்டு, வகுப்பை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளலாம். அப்போது இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள்; கேட்பதற்கு அவர்களிடம் கேள்விகள் இருக்கும்.