அரிய ஆற்று மட்டியைக் கணக்கெடுக்க: சதுரச் சட்டமா, நேரத் தேடலா?

பென்சில்வேனியாவின் அலெகேனி ஆற்றில் வாழும் கிளப்ஷெல், நார்தர்ன் ரிஃபிள்ஷெல் மட்டிகள் 1993-இல் அமெரிக்காவின் அழியும் இனங்கள் பட்டியலில் ஏறின. இவற்றைத் தேடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, இனம் இருக்கிறதா என்று பார்க்கிறோமா, எத்தனை என்று எண்ணுகிறோமா என்பதைத்தான்.

இருக்கிறதா என்று மட்டும் அறிய நேரத் தேடலே, அதாவது நேரத்தைக் கணக்கு வைத்துக் கண்ணால் தேடுவதே மேல். ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்) மாட்டிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து மேலேற வேண்டும். அப்போதுதான் கலங்கிய நீர் பின்னால் போகும். சரளைக்கிடையே லேசாகத் திறந்திருக்கும் மட்டியின் மூச்சுத் துளைகளே அடையாளம். குறை என்னவென்றால், ஒருவர் கண் போல் இன்னொருவர் கண் இருக்காது. குஞ்சுகளும், சரளைக்குள் புதைந்தே கிடக்கும் கிளப்ஷெல்லும் தப்பிவிடும். அதனால் மணிக்கு இத்தனை என்ற எண்ணை வைத்து இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவது ஆபத்து.

எத்தனை என்று எண்ணச் சட்ட முறை: பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள சதுரச் சட்டத்தை, அதாவது 0.25 சதுர மீட்டரை, ஆற்றடியில் வைத்து அதற்குள் இருப்பதை எண்ணுவது. இடங்களைச் சீரான இடைவெளியில் வைக்கலாம். ஆனால் தொடக்கப் புள்ளி ஒன்றே ஒன்று என்றால் பிழை அளவை நம்பகமாகக் கணிக்க முடியாது. மூன்று தற்செயல் தொடக்கங்கள் வையுங்கள். முதலில் மேலே தெரிவதை எண்ணி, பிறகு 10–15 செ.மீ. தோண்டிச் சல்லடையில் அலச வேண்டும். எல்லாச் சட்டத்தையும் தோண்டத் தேவையில்லை. ஒரு பகுதியைத் தோண்டி, மேலே தெரிந்ததற்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதத்தை மற்றவற்றுக்குப் போடலாம். குளிர் ஏற ஏற மட்டிகள் கீழே இறங்கும் என்பதால் போன முறை விகிதம் இந்த முறைக்கு உதவாது.

சட்டம் தோற்கும் இடம் இது: 100 சதுர மீட்டருக்கு ஒரு மட்டி என்றால், ஒன்றையாவது காண 95% வாய்ப்பு வேண்டுமானால் 300 சதுர மீட்டர் தோண்ட வேண்டும். 1,200 சட்டங்கள்! மட்டிகள் கூட்டமாக இருந்தால் இன்னும் கூடும். பாதி மட்டி மேலே தெரியுமானால், 600 சதுர மீட்டரைக் கண்ணால் தேடினாலே அதே வாய்ப்பு. சதுர மீட்டருக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 10 ஆள்-மணி நேரம்.

நீரிலுள்ள டிஎன்ஏவைச் சோதிப்பது, மேல்நீரோட்டத்தில் எங்கோ இனம் இருப்பதற்கான துப்பு மட்டுமே. எந்த மணற்திட்டில், எத்தனை என்று அது சொல்லாது.

எந்த முறையானாலும், எடுத்த மட்டியை ஈரம் காயாமல் வலைப்பையில் நீருக்குள்ளேயே வைத்து, மூச்சுத் துளை முனை மேலிருக்க நட்டுவிட வேண்டும். முனை தெரியவில்லையா? பக்கவாட்டில் படுக்க வைத்தால் போதும், அதுவே புதைந்துகொள்ளும்.