சம்பள ஒப்பந்தம்: 12(3) நல்லதா, 18(1) நல்லதா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியில் சம்பள ஒப்பந்தம் முடிந்தாலும் டீக்கடையில் முதல் கேள்வி, "எவ்வளவு ஏத்தினாங்க?" அடுத்தது, எந்தச் சட்டப் பிரிவில் போட்டார்கள் என்று, "12(3)-ஆ, 18(1)-ஆ?" 12(3) என்றால் கெட்டி, 18(1) என்றால் உள்ளுக்குள் ஏதோ பேசி முடித்துவிட்டார்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2025 நவம்பர் வரை இருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, 18(1) என்பது நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிப் போடுவது. சட்டென்று முடியும். ஆனால் கையெழுத்துப் போட்ட தரப்பைத்தான் கட்டும். பக்கத்துச் சங்கத்துக்காரர் "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று தனியாக வழக்கு எழுப்பலாம். 12(3) தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது. வாய்தா மேல் வாய்தா என்று இழுக்கும், ஆனால் போட்டுவிட்டால் எல்லாச் சங்கத்தாரையும், சங்கமே வேண்டாம் என்பவரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும், கம்பெனி கைமாறினால் புது முதலாளியையும் சேர்த்துக் கட்டும்.

சிக்கலும் அங்கேதான். சமரசத்தில் ஒரே ஒரு சங்கம் கையெழுத்துப் போட்டாலும் அது மற்ற எல்லாரையும் கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. அப்புறம் என்ன, பெரிய சங்கம் முரண்டு பிடித்தால் நிர்வாகம் சின்னச் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு சமரச அலுவலரிடம் போய்விடலாம். அந்த ஒப்பந்தத்தில் இருக்கிற, நாம் கேட்காத உற்பத்தி இலக்கு நம் தலையில் விழும்.

அதனால் என் கணக்கு இப்படி: எல்லாரும் ஒரே சங்கத்தில் இருந்தால் 18(1) போதும், வருடக்கணக்கில் சமரசத்துக்கு நடக்க வேண்டாம். இரண்டு மூன்று சங்கம் இருந்தால் 12(3)-தான், ஆனால் பெரிய சங்கம் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடக் கூடாது.

2025 நவம்பர் 21 முதல் அந்த 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன (டீக்கடையில் பழைய எண்தான் ஓடும், அது வேறு). இரு வகை ஒப்பந்தமும் அதிலும் உண்டு. ஆனால் 51 சதவீத ஆள்பலம் உள்ள சங்கம்தான் இனி நிர்வாகத்தோடு பேசும் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. சின்னச் சங்கத்தை வைத்து ஆடும் ஆட்டம் குறையும் என்றுதான் நினைக்கிறேன். பதிலுக்கு, எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் முடியாது. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் போகும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கோ, எந்த எண்ணில் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.