மெத்தடோனா, புப்ரெனார்ஃபினா? சிகிச்சையில் ஆளை நிற்க வைப்பது எது

ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையானவருக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகியவற்றில் எந்த மருந்து நல்லது என்பதைவிட, எந்த மருந்தைத் தொடங்கினால் ஆள் ஆறு மாதம் கழித்தும் வந்துகொண்டிருப்பார் என்று கேட்பதுதான் சரி. பாதியில் விட்டவருக்கு அடுத்த சில வாரங்கள் உயிர் ஆபத்தானவை. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். எடுப்பதோ பழைய அளவாக இருக்கும்.

ஆளைத் தக்கவைப்பதில் மெத்தடோன்தான் முன்னால் நிற்கிறது. ஏக்கத்தை நன்றாக அடக்கும். ஆனால் டோஸ் போதவேண்டும். பலருக்கு நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் தேவைப்படும். பயந்துபோய் 40-லேயே நிறுத்திவிட்டு, 'இவருக்கு மனவுறுதி இல்லை' என்பது அநியாயம். அதேநேரம், ஆரம்பத்தில் அவசரமாக ஏற்றினால் மூச்சு அடங்கிவிடக்கூடும். அதனால் பல இடங்களில் தினமும் நேரில் வந்து, நர்ஸ் கண்ணெதிரே குடிக்கவேண்டும். வேலைக்குப் போகிறவர் எத்தனை நாள் வரிசையில் நிற்பார்? தொடர்ந்து சில நாள் தவறினால் பழைய டோஸை அப்படியே கொடுக்கவும் முடியாது.

புப்ரெனார்ஃபினின் விளைவு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. மூச்சு அடங்கும் ஆபத்து குறைவு என்பதால் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடிகிறது. சிக்கல் முதல் நாளில்தான். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே நாக்கடியில் வைத்தால், மருந்தே வாந்தியையும் வியர்வையையும் கிளப்பிவிடும். ஹெராயின் இறங்கிவிட்டதைக் காட்டும் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் எல்லாம் தொடங்கும்வரை, குறைந்தது 12 மணி நேரமாவது காத்திருக்கவேண்டும். முதல் நாளே அடிபட்டவர் மறுநாள் எட்டிப் பார்க்கமாட்டார். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது. தினமும் 'இன்னைக்கு எடுக்கவா வேண்டாமா' என்ற தடுமாற்றம் அதில் இல்லை.

மூன்றாவது மருந்து நால்ட்ரெக்ஸோன், ஓபியாய்டின் விளைவைத் தடுப்பது. மற்ற இரண்டையும் போல அது ஓபியாய்டே அல்ல, அதனால் குடும்பத்தாருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தொடங்கும் முன் ஒரு வாரம், பத்து நாள் ஓபியாய்டு எதையும் தொடாமல் இருக்கவேண்டும். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நால்ட்ரெக்ஸோன் ஊசிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேரால் தொடங்கவே முடியவில்லை; புப்ரெனார்ஃபினில் அது 6 சதவீதம். தொடங்கிவிட்டவர்களிடம் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வேலை செய்தன.

என் கணக்கில், பெரும்பாலானோர் புப்ரெனார்ஃபினில் தொடங்கலாம். ஏக்கம் அடங்கவில்லையென்றால் மெத்தடோனுக்கு மாற்றத் தயங்கக்கூடாது. அப்புறம், சிறுநீரில் ஹெராயின் தெரிந்ததும் ஆளை வெளியே அனுப்பும் வழக்கம் சில மையங்களில் உண்டு. அந்த நேரத்தில் பார்க்கவேண்டியது, டோஸ் போதுகிறதா என்பதை.