ஐரோப்பிய ஹெல்த் கார்டு கையில இருந்தும் ஸ்பெயினோட மயோர்க்கா தீவுல 740 யூரோ தண்டம் அழுதுட்டு வந்திருக்கோம்

போன சனிக்கிழமைதான் ஸ்டுட்கார்ட் திரும்பினோம், இன்னும் பெட்டி கூடப் பிரிக்கல, ஆனா இதைக் கொட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராது. 740 யூரோ. நம்ம ஊர் காசுல எழுபதாயிரத்துக்கும் மேல. ஓசியில பார்த்திருக்க வேண்டிய ஒரு காது வலிக்கு. லீவுக்கு ஸ்பெயின் பக்கம் போறவங்க என்ன செய்யணும்னு கடைசியில விவரமா எழுதறேன், முதல்ல நடந்ததைப் படிங்க.

ஜெர்மனில அரசு இன்சூரன்ஸ்ல இருக்கறவங்க உங்க கிராங்கன்காசெ (ஹெல்த் இன்சூரன்ஸ் ஆபீஸ்) கார்டைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் நட்சத்திர வட்டம் இருக்கும். அதுதான் ஐரோப்பிய ஹெல்த் கார்டு. தனியா அப்ளை பண்ண வேண்டாம். டூர் போன இடத்துல திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா, அந்த ஊர்க்காரங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில என்ன கணக்கோ அதே கணக்குதான் நமக்கும். இதெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்ச திமிர்லதான் டிராவல் இன்சூரன்ஸ் வேண்டாம்னு சொன்னேன்.

மூணாவது நாள் ராத்திரி 9 மணி இருக்கும், பாப்பா காதைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறா, காய்ச்சல் 39.4, பகல் பூரா பூல்லயே கிடந்தா வேற. நான் ரிசப்ஷனுக்கு ஓடினேன். அங்க இருந்த பையன் அவ்ளோ பாசமாப் பேசினான். கார்டைக் காட்டி இது செல்லுமான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டேன், வாங்கித் திருப்பிப் பார்த்து, நட்சத்திரத்து மேல பேனாவால ஒரு தட்டு தட்டி, "ஐரோப்பிய கார்டு, யெஸ் யெஸ், நோ ப்ராப்ளம்"னான். அந்த ஒரு தட்டுலதான் நான் விழுந்தேன். அஞ்சே நிமிஷத்துல கிளினிக்கோட கார் வாசல்ல நிக்குது, அதுக்கும் காசு இல்லையாம். காசே வாங்காம ராத்திரி நேரத்துல எவன் கார் அனுப்புவான்னு அப்ப தோணல.

கண்ணாடிக் கதவு, உள்ள மீன் தொட்டி எல்லாம் வச்ச இடம். கவுன்டர்ல இருந்த பொண்ணு கார்டை ரெண்டு பக்கமும் காப்பி எடுத்தா, பாஸ்போர்ட் எடுத்தா, அப்புறம் கிரெடிட் கார்டு கேட்டா. "கேரண்டிக்கு மட்டும்". ஸ்பானிஷ்ல மூணு பக்கம் நீட்டி ஃபார்மாலிட்டின்னா. இவர் போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிப் பார்க்கலாம்னாரு, நான்தான் "புள்ள துடிக்குது, முதல்ல கையெழுத்தைப் போடுங்க"ன்னு கத்தினேன். அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

டாக்டர் காதைப் பார்த்தாரு. சரி. அப்புறம் ரத்த டெஸ்ட், ஒரு டிரிப்ஸ், நெஞ்சுக்கு எக்ஸ்ரே. காது வலிக்கு நெஞ்சுல எக்ஸ்ரே! வெளிய வந்தா பில் ரெடி, 740 யூரோவும் எடுத்தாச்சு. அப்ப எதுக்கும்மா ஹெல்த் கார்டை காப்பி எடுத்தேன்னு கேட்டா "அது ஃபைலுக்கு"ங்கறா.

இதை விடக் கொடுமை மறுநாள் காலையில. மருந்து வாங்கப் போன ஃபார்மசில அந்த அம்மா சீட்டைப் பார்த்துட்டு, ஏன் அங்க போனீங்கன்னு கேட்டு தெரு முனையைக் கை காட்டுது. சென்ட்ரோ தே சலூத், அரசு ஹெல்த் சென்டர். எங்க ஹோட்டல்ல இருந்து ஆறு நிமிஷ நடை. ராத்திரியும் அவசரத்துக்கு ஆள் இருப்பாங்களாம், இந்தக் கார்டை நீட்டினா போதுமாம்.

ஹோட்டல் மேனேஜர்: நாங்க போன் மட்டும்தான் பண்ணினோம், கிளினிக் வேற நாங்க வேற. அந்தப் பையன் அன்னைக்கு லீவாம். கிளினிக்குக்குப் போன் போட்டா மெயில் அனுப்புங்கன்னாங்க, அனுப்பினா தனியார் சிகிச்சைக்கு நீங்களே சம்மதிச்சிருக்கீங்கன்னு இவர் கையெழுத்தையே ஸ்கேன் பண்ணித் திருப்பி அனுப்பிட்டாங்க. பேங்க்ல கேட்டா கையெழுத்து இருக்கேங்கறான். கிராங்கன்காசெயில பேசின லேடி கொஞ்சம் பரவாயில்ல, பில் அனுப்புங்க, ஆனா ஜெர்மன் ரேட்டு வரைக்கும்தான், அதுலயும் பிடிச்சுக்குவோம், பெருசா எதிர்பார்க்காதீங்கன்னு நேராச் சொல்லிடுச்சு. ஆக 740ல எவ்ளோ திரும்ப வரும்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சரி, விவரமா எழுத இப்ப தெம்பில்ல. ஹோட்டல் கூப்பிடற டாக்டர் கிட்ட போகாதீங்க, அரசு சென்டர் எங்கன்னு போய் இறங்கின அன்னைக்கே பார்த்து வச்சுக்கோங்க. கிரெடிட் கார்டு கேட்டாலே அது தனியார், எழுந்து வந்துடுங்க. உயிர் போற அவசரம்னா 112. குழந்தைக்கும் அவ பேர்ல இருக்கற கார்டுதான் வேணும், உங்களுது ஆகாது. கார்டு தொலைஞ்சா கிராங்கன்காசெக்குப் போன் பண்ணி அதுக்குப் பதிலா சர்டிபிகேட் அனுப்பச் சொல்லுங்க. இந்திய பாஸ்போர்ட்காரங்க டென்மார்க், நார்வே, சுவிஸ் போறதுக்கு முன்னாடி கண்டிப்பா கேட்டுக்கோங்க, அங்க நமக்கு இந்தக் கார்டு எடுபடாது. டிராவல் இன்சூரன்ஸ் வருஷத்துக்குப் பத்து இருபது யூரோதான், எடுத்துத் தொலைங்க.

இன்னைக்கு மறுபடி அந்த கிளினிக்குக்குப் போன் போட்டேன். 14 நிமிஷம் மியூசிக், கட் ஆயிடுச்சு.